லைட் போடாத வீடு

கம்பம் ஊரில் வேல்விழி குடியிருக்கிற மாடி வீட்டு ஜன்னலுக்கு மேலே, சன்ஷேடுக்கு அடியில், மலைத்தேனீ முறம் அகலத்துக்குக் கூடு கட்டிவிட்டது. பகலெல்லாம் அது பாட்டுக்கு இருக்கும். பொழுது சாய்ந்து டியூப் லைட்டைப் போட்டால் போச்சு! ஜன்னலை அடைத்தாலும் வென்டிலேட்டர், கதவிடுக்கு என்று எதன் வழியாகவாவது வெளிச்சத்தைத் தேடி வந்துவிடும். அதனால் கொஞ்ச நாளாக இருட்டிலேயே சோறு, இருட்டிலேயே படுக்கை.

முந்தாநாள் அவள் புருஷன் விஜயகுமார் மறந்துபோய் சுவிட்சைத் தட்டிவிட்டான். கண் இமையிலேயே ஒன்று போட்டது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பை வீங்கின கண்ணோடு குமுளி மலையில் ஓட்டினால் வேலைக்குப் போகிற பெண்கள் சும்மா விடுவார்களா? வழியெல்லாம் கேலிதான். போதாக்குறைக்கு அடுத்த தெருவில் இருக்கிற அவன் அக்கா முத்துப்பேச்சி, "ஒரு ஈக்குப் பயந்து இருட்டுல ஒக்காந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டாள். மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சாயங்காலம் பந்தத்தோட வாரேன். கூட்டக் கொளுத்திட்டுத்தான் மறுவேலை" என்று இன்று காலையில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அப்போது பிடித்த பதற்றம்தான் வேல்விழிக்கு. அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. பெண்டாட்டி மாசமாக இருக்கையில் புருஷன் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது, ஒரு கோழியைக்கூட அறுக்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். இவனானால் குஞ்சும் புழுவுமாக ஒரு கூட்டையே கொளுத்தப் போகிறான். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் முன்னால் இரண்டு தடவை நாள் தள்ளின உடனே அவன் ஜீப்பில் ஏறினவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தான். இரண்டும் தங்கவில்லை. லட்டு தின்றவர்களே வரிசையாக வந்து துக்கம் விசாரித்தார்கள். இந்தத் தடவை வாயைத் திறந்தால் இதுவும் போய்விடுமோ என்று அவளுக்கு அப்படியொரு பயம்.

சொல்லாமலே தடுக்க ஒரு வழி வேண்டுமே. டியூப் லைட் அளவுக்குத் தேனீயை இழுக்காத மெழுகுவர்த்தி வெளிச்சம் வீட்டில் கொஞ்சம் இருந்தால் அவன் கோபம் தணியும், பூக்காலம் முடிந்தால் தேனீ தானாகக் கிளம்பிவிடும் என்று கணக்குப் போட்டாள். கடை மெழுகுவர்த்தி வாடை இப்போது அவளுக்குக் குமட்டியது. தோட்டத்து வாட்ச்மேன் எப்போதோ கொடுத்த தேனடை, பிழிந்தது போக ஒரு பை கிடந்தது. அதைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, பழைய வேட்டியில் வடிகட்டி ஆறவைத்தாள். மேலே மஞ்சளாக மெழுகு உறைந்தது. அதை எடுத்து, கொதிக்கிற தண்ணீருக்குள் சின்னச் சட்டியை வைத்து மறுபடி உருக்கினாள். வாசத்துக்குத் தேனீ வந்துவிடக் கூடாதென்று வென்டிலேட்டரில் துணியைத் திணித்திருந்ததால் அடுப்படியே வெந்தது. முதலில் ஊற்றினதில் திரி மெல்லிசு. கொளுத்தின மாத்திரத்தில் மெழுகுக்குள் முங்கி அணைந்தது. "அட சனியனே!" என்று அதை உருக்கி, குத்துவிளக்குத் திரியைத் தடியாகத் திரித்து, டம்ளர்களில் ஊற்றினாள். தெருவில் எந்த ஜீப் போனாலும் ஓடி ஓடிப் போய் எட்டிப் பார்த்தாள்.

விஜயகுமார் வரும்போது நடுவீட்டில் டம்ளர்கள் எரிந்துகொண்டிருந்தன. அவன் கையில் மண்ணெண்ணெய் சொட்டும் பந்தம்.

"என்ன புள்ள இது, சர்ச்சு மாதிரி?" சிரித்தேவிட்டான்.

"நல்லா இருக்குல்ல? இத வச்சே கொஞ்ச நாள் ஓட்டிரலாங்க. அதுக தானா போயிரும்."

"நல்லாத்தான் இருக்கு. அதுக்காக எங்கக்கா பேச்சக் கேட்டுக்கிட்டே இருக்கச் சொல்றியா? தீப்பெட்டியக் குடு."

அவள் கொடுக்கவில்லை. அவன் குனிந்து டம்ளர் சுடரிலேயே பந்தத்தைக் காட்டப் போனான். நாள் முழுக்க வெந்து செய்ததெல்லாம் இதற்குத்தானா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் கையை எட்டிப் பிடித்தாள்.

"வயித்துல புள்ள இருக்குங்க. நீங்க ஒரு உசுரக் கொல்லக் கூடாது."

பந்தம் அப்படியே நின்றது. "எத்தன மாசம்?"

"மூணு முடியப் போகுது."

"எங்கிட்ட ஏன் புள்ள சொல்லல?"

"சொன்னா ஊருக்கே சொல்லிருவீக. என்னால இன்னொரு தடவ தாங்க முடியாதுங்க."

அவன் பந்தத்தைக் கொண்டுபோய்க் கழிப்பறை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டு வந்தான். அதற்குள் எந்த இடுக்கில் நுழைந்ததோ, ஒற்றைத் தேனீ சுடரைச் சுற்ற ஆரம்பித்தது. "ஏய், ஏய், செத்துராத" என்று பதறி, டம்ளர் டம்ளராகக் குனிந்து ஊதி அணைத்தான். வீடு பழையபடி இருட்டானது. வேல்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

போன் அடித்தது. முத்துப்பேச்சி. அவள் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"என்னடா, கொளுத்திட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்டா?"

அவன் வேல்விழி இருந்த பக்கம் திரும்பினான். எங்கே வாய் தவறிச் சொல்லிவிடுவானோ என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயமா இருக்குக்கா" என்றான்.

அந்தப் பக்கம் முத்துப்பேச்சி வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விஜயகுமார் போனை வைக்கவில்லை. அவள் சிரித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.