ஓடைக்கு இந்தப் பக்கம்

வலி மறுபடியும் வந்தபோது டாம்சின் குனிந்து, காலணிக்குள் கல் தேடுவதுபோல விரலை விட்டாள். கல் எதுவும் இல்லை. இடுப்பைச் சுற்றி இறுக்கிய பிடி தளரும்வரை பல்லைக் கடித்தபடி அப்படியே இருந்தாள்.

"திரும்பவும் என்ன?" என்றான் அம்புரோஸ்.

"கல்லு ஐயா."

"உன் செருப்புக்குள்ள மட்டும் எங்கிருந்து இத்தனை கல்லு வருது? செருப்புத் தைக்கிறவன்கிட்டயே கதை விடுறியா?"

அவன் செருப்புத் தைப்பவன்தான். அந்த ஆண்டு ஊர்க்காவல் முறை அவன் வீட்டுக்கு வந்திருந்தது. கூலி கிடையாது, வசவு மட்டும் உண்டு. விடியற்காலையில் யாரோ ஒருவருடைய வைக்கோல் கொட்டகையில் அவள் தூங்கிக்கொண்டிருந்ததைப் பிடித்து, ஊர் எல்லைவரை கொண்டுபோய் விடப் புறப்பட்டிருந்தான். நாடோடிகளைக் கசையால் அடித்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். வயிற்றைப் பார்த்துவிட்டு அடியை விட்டுவிட்டார்கள். இரக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. அடிக்கிற அடியில் பிள்ளை அங்கேயே பிறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"அந்த ஓடை தெரியுதா? அதைத் தாண்டிட்டா நீ பக்கத்து ஊருக்காரன் தலைவலி. சீக்கிரம் நட. போன வருஷம் ஒருத்தி இப்படித்தான் எங்க மாதா கோயில் வாசல்ல பெத்துப்போட்டுட்டுச் செத்துப்போனா. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு நாங்கதான் பால் வாங்கிக் கொடுக்கிறோம்."

டாம்சின் ஓடையைப் பார்த்தபடி நடந்தாள்.

எங்கே பிறந்தாயோ அங்கேயே திரும்பிப் போ என்றுதான் இங்கிலாந்தின் டெவன் மாவட்டம் முழுக்க எல்லா ஊரிலும் அவளிடம் சொன்னார்கள். எங்கே பிறந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. ஏதோ ஒரு சாலையோரத்தில் அவளைப் பெற்ற அம்மா, அந்த இடத்தைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். தெரியாது என்றால் யாரும் நம்புவதில்லை. பொய் சொல்கிறாள் என்று அடித்து, வாய்க்கு வந்த ஓர் ஊருக்கு அனுப்புவார்கள். அந்த ஊர் இன்னோர் ஊருக்கு அனுப்பும். வயிற்றில் இருப்பதற்கும் அதே கதி வரக்கூடாது. ஓடைக்கு இந்தப் பக்கம் பிறந்துவிட்டால் இந்த ஊர் அதற்கு ரொட்டி போட்டாக வேண்டும். நாளைக்கு எங்கிருந்து துரத்தினாலும் இங்கேதான் கொண்டுவந்து விட வேண்டும்.

வலி தொடங்கியது விடியுமுன்பே. இவனுக்குத் தெரிந்தால் தூக்கியாவது ஓடையைத் தாண்ட வைத்துவிடுவான். இங்கேயே படுத்துப் பெற்றாலும் பயனில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி அக்கரையில் வைத்து, அங்கேதான் பிறந்தது என்று அவன் சத்தியம் செய்தால் அவள் பேச்சை யார் கேட்பார்கள்? வேறு கண்கள் வேண்டும்.

"எப்போ உனக்கு?" என்று வயிற்றைக் காட்டிக் கேட்டான்.

"இன்னும் ஒரு மாசம் இருக்கு ஐயா."

சொல்லி முடிப்பதற்குள் பனிக்குடம் உடைந்து தொடை வழியாக வழிந்தது. முழங்கால் உயரப் புல்லில் இருந்த பனி பாவாடையை ஏற்கெனவே நனைத்திருந்ததால் அவன் கவனிக்கவில்லை. அடுத்த வலிக்கு அவள் நிற்கக்கூட இல்லை. உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. நடந்தாள்.

சரிவு திரும்பியதும் கட்டையால் துணி அடிக்கும் சத்தம் கேட்டது. இந்தக் கரையில் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம். அவர்கள் முகம் தெரியும் தூரம் வந்ததும் டாம்சின் புல்லில் விழுந்தாள். காலையிலிருந்து அடக்கிவைத்த கதறல் முழுவதும் அப்போதுதான் வெளியே வந்தது.

துணி அடிக்கும் சத்தம் நின்றது.

"அடிப்பாவி, ஒரு மாசம்னு சொன்னியே," என்றான் அம்புரோஸ். முகம் வெளுத்திருந்தது.

அந்தப் பெண்களில் உர்சுலா முதலில் ஓடிவந்தாள். ஊரில் பெரிய பண்ணை அவளுடையது; ஏழைகளுக்காக ஊர் வசூலிக்கும் வரியில் பெரும் பங்கும் அவள் தலையில்தான். "என்ன அண்ணே மரம் மாதிரி நிக்கிற? தோளைப் பிடி. காலை நான் பிடிக்கிறேன். முழங்கால் தண்ணிதான், தாண்டிரலாம்."

அம்புரோஸ் டாம்சினின் அக்குளுக்குள் கையைக் கொடுத்தான். டாம்சின் புல்லை வேரோடு பற்றினாள்.

"அக்கா, கையை எடு." கூலிக்குத் துணி துவைக்கும் பெட்ரனெல் நடுவில் மண்டியிட்டுப் பாவாடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "தலை வந்துருச்சு. இப்போ தூக்கினா பிள்ளை தண்ணிக்குள்ளதான் விழும். செத்தா, யார் தூக்கினான்னு நீதிபதிகிட்ட நான் சொல்லுவேன்."

"நீ சொல்லுவியா? ஊர் ரொட்டியைத் தின்னு வளர்ந்தவ நீ," என்றாள் உர்சுலா.

"ஆமா. அதனாலதான் சொல்றேன்."

அம்புரோஸின் கைகள் இன்னும் டாம்சினின் தோளுக்கடியில்தான் இருந்தன. அவன் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. தலைகீழாகத் தெரிந்த அவன் முகத்தையே பார்த்தபடி அவள் முக்கினாள். ஒரு கட்டத்தில் அந்தக் கைகள் அவள் முதுகைத் தாங்கத் தொடங்கின.

குழந்தை அழுதது.

"பொண்ணு," என்றாள் பெட்ரனெல்.

டாம்சின் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "இது எந்த ஊரு?" என்றாள்.

"யாரும் சொல்லாதீங்க," என்றாள் உர்சுலா. "தெரியாமலே போகட்டும்."

பெட்ரனெல் வாயைத் திறக்குமுன் அம்புரோஸ் சொல்லிவிட்டான். தண்ணீரைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"மார்லிகோம்."

அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.