விஸ்கான்சினுக்கு ஒரு சாட்சி

விஸ்கான்சினைவிட ஆக்லாந்து பதினேழு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு வாக்குச்சாவடி மூடும்போது, இங்கே புதன்கிழமை மதியம் ஒரு மணி ஆகியிருக்கும். மஹதிக்கு இந்தக் கணக்கு தெரியாததல்ல. ஆனாலும் அன்று ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில், பரிசோதனைக்கூடத்துக் கை கழுவும் தொட்டியின் முன்னால் நின்று கையுறையைக் கழற்றும்போது அது வெறும் கணக்காகத் தோன்றவில்லை. அவள் தூங்கி எழுந்து முடித்துவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமையில், உலகத்தின் மறுபக்கத்தில், ஆட்கள் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள். எட்டு மணிக்கு வரிசையின் வாலில் நிற்பவர்கூட வாக்களித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார் என்று கூடக் குடியிருக்கும் சோபனா சொல்லியிருந்தாள். அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசையில், ஒரு தபால் உறையின் மேல், மஹதியின் கையெழுத்தும் இருந்தது.

வெளியே காருக்குள் சோபனா காத்திருந்தாள். லீவு போட்டிருந்தாள். தலை வாரவில்லை.

"ஏறு, ஏறு. வோட்டுப் பெட்டியைத் திறந்திட்டாங்கள்."

"சாப்பிட்டீங்களா அக்கா?"

"ஓம்," என்றாள். பொய் என்று பார்த்தாலே தெரிந்தது.

இருவரும் நகரத்துக்கு வெளியே பாபகூராவில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். மஹதி திருச்சியிலிருந்து வந்து தண்ணீர், பால் மாதிரிகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தவள். சோபனா விஸ்கான்சினில் பிறந்து வளர்ந்தவள். நிலத்தடி நீர் படித்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் ஆக்லாந்தில் வேலை கிடைத்து வந்தவள். அவள் பேசிய தமிழ் அவளுடைய அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழ். அமெரிக்காவிலேயே பிறந்த ஒருத்தி 'கதைக்கிறது' என்று சொல்வதைக் கேட்டு மஹதி முதல் வாரம் முழுக்க வாய்க்குள் சிரித்தாள். மஹதி 'ஆமா' என்று இழுப்பதைக் கேட்டுச் சோபனா வெளிப்படையாகவே சிரித்தாள்.

அந்த அம்மாவின் பெயர் இராசமலர். விஸ்கான்சினில் உருளைக்கிழங்கும் சோளமும் விளைகிற மணற்பாங்கான பகுதியில் இருபத்தெட்டு வருடமாக டாக்டர். இந்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நிற்கப் புறப்பட்டிருந்தார். நவம்பரில் நிற்பதற்கு முன்னால் சொந்தக் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தலில் ஜெயிக்க வேண்டும். அதுதான் இன்றைய பிரைமரி. எதிரே நின்றவர் வேறு யாருமில்லை, சோபனாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியர். அம்மாவும் மகளும் அவரை இன்றைக்கும் 'சேர்', அதாவது சார், என்றுதான் சொல்வார்கள். எதிராளியாகிவிட்ட பிறகும் அந்த மரியாதை போகவில்லை.

மஹதி இதற்குள் வந்து சேர்ந்தது ஜூலை மாதத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாபகூரா நூலகத்தில் அச்செடுத்த வாக்குச்சீட்டோடு சோபனா வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். சீட்டு, அங்கே தேர்தல் வேலையைப் பார்க்கும் ஊர்க் கிளார்க்கிடமிருந்து மின்னஞ்சலில் வந்திருந்தது. அறுநூறு பேர் உள்ள ஊருக்கு ஒரே கிளார்க். இங்கே சோளம் ஆள் உயரம், மழைதான் இல்லை என்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார். விஸ்கான்சின் சட்டப்படி, தபாலில் வாக்களிப்பவருக்கு ஒரு சாட்சி வேண்டும். நாட்டுக்கு வெளியே இருந்து போடுகிறவர்களுக்குச் சாட்சி அமெரிக்கராக இருக்க வேண்டும் என்பதில்லை.

மஹதி பயந்தாள். வேலை விசாவில் இருக்கிறவள், இன்னொரு நாட்டு அரசாங்கத்தின் தாளில் கையெழுத்துப் போடலாமா? சோபனா விதிமுறையை முழுக்க வாசித்துக் காட்டினாள்.

"அப்ப சாட்சிக்கு என்னக்கா வேலை?"

"நான் மார்க் பண்ணுறதைப் பாக்கக் கூடாது. அதுதான் வேலை."

"பாக்காம இருக்கறதுக்கு ஒரு சாட்சியா?"

"ஓம். உனக்கு அது நல்லா வரும். ஆரையும் நிமிர்ந்து பாக்காத ஆள்தானே நீ."

முதலில் சீட்டு வெறுமையாக இருப்பதை மஹதிக்குக் காட்ட வேண்டும். காட்டினாள். பிறகு சாட்சி அதே அறையிலேயே இருக்க வேண்டும், ஆனால் யாருக்குப் போடுகிறாள் என்பது தெரியக் கூடாது. மஹதி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பக்கத்து வீட்டுக் கொடியில் யாரோ மறந்துவிட்ட துணிகள் மழையில் தொங்கின. பின்னால் பேனாச் சத்தம் கேட்டது. கவர்னர், அடுத்தது, அதற்கடுத்தது என்று சிறு வட்டங்களைக் கறுப்பாக்கும் சரசரப்பு. பிறகு பேனா நின்றுவிட்டது.

கெட்டில் கொதித்து அணைந்தது. தண்ணீர் அடங்கியும் விட்டது. மஹதி திரும்பவில்லை. கழுத்து வலித்தது. ஒரு தாளோடு ஒருத்தி இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பதை அவள் அதுவரை யோசித்ததே இல்லை. அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில், ஒருத்தி இருந்தும் அவள் தனியாகத்தான் இருந்தாள். அந்தத் தனிமையைக் காப்பதற்கென்று ஒரு மாநிலம் சட்டம் எழுதி, அதற்குக் காவலாகத் திருச்சிக்காரி ஒருத்தியைப் பாபகூராவில் ஜன்னலோரம் நிறுத்தியிருக்கிறது.

கடைசியில் பேனா இன்னொரு முறை ஓடியது. கொஞ்ச நேரம்தான். மடித்து, உறையில் போட்டு, ஒட்டிய பிறகு சோபனா அவளைக் கூப்பிட்டாள். மஹதி கையெழுத்துப் போட்டு, பெயரும் வீட்டு விலாசமும் எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது.

பேனா ஏன் நின்றது என்று அவள் கேட்கவில்லை. அடுத்த சில வாரங்களில் சோபனாவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அந்தப் பகுதிக் கிணற்றுத் தண்ணீரில் உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட் அதிகம். கைக்குழந்தைகளுக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தவர் சேர். அதைப் பற்றி ஊர்க் கூட்டங்களுக்கெல்லாம் போய்ப் பேசியவர் அம்மா. படிப்பு முடிக்கும் வருடத்தில் வீடு வீடாகப் போய்க் கிணறுகளைச் சோதித்து ஆய்வு எழுதியவள் சோபனா. அந்த ஆய்வைத்தான் அம்மா தன் தேர்தல் பிரசுரத்தில் முதல் பக்கம் போட்டிருந்தார். ஜூன் மாதம் பெரிய பண்ணைக்காரர்களைச் சந்தித்துவிட்டு வந்த பிறகு, பிரசுரத்தில் அந்தப் பக்கம் இல்லை. மேடையில் கேட்டபோது, இன்னும் ஆய்வு தேவை என்றார். சேர் மட்டும் பழையபடி தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"தேர்தலில வெண்டாத்தான் ஏதும் செய்யலாம் எண்டு அம்மா சொல்லுறா," என்றாள் சோபனா ஒரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. "அது பிழையெண்டும் சொல்லேலாது."

யாருக்குப் போட்டாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மா, சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்டபோது, அது சட்டப்படி கூடாது என்று தட்டிக்கழித்தாள். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. கேட்கவே தேவையில்லாத கேள்வி என்று நினைப்பவர் அவர். அதுதான் சோபனாவை இரவுகளில் ஹாலுக்கும் அறைக்கும் நடக்க வைத்தது என்பது மஹதிக்குத் தெரிந்திருந்தது. மகள் அம்மாவிடம் எந்த முகத்தோடு பேசப் போகிறாள் என்பது அந்த ஒரு வட்டத்துக்குள் இருந்தது.

அந்தப் புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தார்கள்.

விஸ்கான்சினில் எழுபத்திரண்டு கவுண்டிகள். நம்மூர்த் தாலுகா மாதிரி என்று மஹதி வைத்துக்கொண்டாள். தேர்தல் இரவன்று மாநிலத்துக்கென்று ஒரே பலகை கிடையாது. ஒவ்வொரு கவுண்டியும் தன் எண்ணிக்கையைத் தானே தன் பக்கத்தில் போடும். சோபனா தன் தொகுதியின் கவுண்டிகளையெல்லாம் வரிசையாகத் திறந்து வைத்திருந்தாள். சிலது வண்ணப் படங்களோடு பளபளத்தது. ஒன்றில் தட்டச்சுத் தாளைக் கோணலாக ஸ்கேன் செய்து போட்டிருந்தார்கள். ஓரத்தில் காபிக் கறை வட்டமாகத் தெரிந்தது.

மாநிலத்தில் எட்டுத் தொகுதிகள். எட்டிலும் இன்றுதான். மஹதி மற்றவற்றையும் திறந்து பார்த்தாள். ஒரு தொகுதியில் ஒரே கட்சிக்குள் ஏழு பேர் முட்டிக்கொண்டார்கள். இன்னொன்றில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. அங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து, ஒற்றைப் பெயரின் பக்கத்தில் கறுப்பு அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முடிவும் தெரிந்ததுதான். இருந்தும் வந்திருக்கிறார்கள். அந்த எண்ணையே மஹதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓர் ஊரில் மொத்தமே இருபத்து மூன்று வாக்குகள். பன்னிரண்டு, பதினொன்று.

"இருபத்து மூணு பேரா? இதுக்குமா ஒரு ரிசல்ட்?"

"ஓம். கையால எண்ணியிருப்பினம். ரெண்டு தரம்."

சோபனா இன்னொன்றும் சொன்னாள். அவள் இங்கிருந்து அனுப்பியது சாதாரணத் தாளில் அச்செடுத்த சீட்டு. இயந்திரம் அதை வாசிக்காது. அதனால் வாக்குச்சாவடியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் நிஜச் சீட்டில் அதே வட்டங்களை அப்படியே கறுப்பாக்குவார்கள். இரண்டிலும் ஒரே எண்ணை எழுதுவார்கள். பெயர் எதிலும் இருக்காது.

மஹதியின் வேலையும் அப்படித்தான். குப்பிகளில் எண் மட்டுமே இருக்கும், யார் வீட்டுக் கிணறு என்பது சோதிப்பவருக்குத் தெரியாது. ஆனால் அது தண்ணீர். இது ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த முடிவு. கடல் தாண்டிப் போன அந்த முடிவை, முன்பின் தெரியாத இரண்டு பேர், சிந்தாமல் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது யாருடையது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள்.

மூன்று மணி வரை சேர் முன்னால் இருந்தார். சோபனா நகத்தைக் கடித்தாள். மஹதி தோசை வார்த்துக் கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போனது. மூன்றரைக்கு அம்மா எட்டிப் பிடித்தார். பிறகு கடைசிக் கவுண்டி. அதன் பக்கத்தை ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே ரயில் ஒன்று நகரத்துப் பக்கம் போனது. அது போன சத்தம் அடங்கும்போது எண்கள் மாறின.

இராசமலர் அறுபத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

சோபனா எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மஹதியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் நின்றாள். மஹதிக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த வட்டம் அம்மாவுக்குத்தான் போயிருக்கிறது, வீணாகத்தான் இத்தனை வாரம் பயந்தோம் என்று நினைத்தாள்.

நான்கரைக்கு அம்மாவே வீடியோவில் கூப்பிட்டார். ஏதோ ஊர்த் தீயணைப்பு நிலைய மண்டபம். பின்னால் சிவப்பு வண்டியின் மூக்கு தெரிந்தது. நடுநிசியாகப் போகிறது அங்கே. ஆனாலும் ஆட்கள் கலையவில்லை. இராசமலரின் சேலை கசங்கியிருந்தது, முகம் மட்டும் இளமையாக இருந்தது.

"அறுபத்தொண்டு, சோபி. கேட்டியே? அறுபத்தொண்டு."

"பாத்தனான் அம்மா. பாத்துக்கொண்டுதான் இருந்தனாங்கள்."

சேர் போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டார் என்றார் அம்மா. சாப்பிடவில்லை, கால் வீங்கிவிட்டது, குரல் போய்விட்டது என்றார். இன்னும் ஐந்து நிமிடத்தில் மேடை ஏற வேண்டும்.

"என்ன சொல்லப்போறன் தெரியுமே? இந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் அள்ளிச் சோதிச்ச என்ர மகள், உலகத்தின்ர அந்தத் தொங்கலில இருந்து எனக்கு வோட்டு அனுப்பினவள் எண்டு சொல்லப்போறன். அந்த அறுபத்தொண்டில ஒண்டு அவளின்ர எண்டு."

சோபனா ஆறிப்போன தோசைத் தட்டைத் தள்ளி வைத்தாள். அம்மாவின் கண் திரையின் ஓரத்தில் தெரிந்த மஹதியிடம் வந்தது.

"நீர்தானே சாட்சி, பிள்ளை? உம்மட பேரையும் சொல்லுறன். கண்ணால கண்ட ஆளெல்லோ நீர்."

மஹதி இதுவரை அவரிடம் வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். யாருக்கும் எதுவும் ஆகாது. ஆனால் அவள் போட்ட கையெழுத்து அந்தச் சமயம் ஏதோ ஓர் ஊரில், பெட்டிக்குள் முத்திரை வைத்துப் பத்திரமாக இருந்தது.

"இல்ல ஆன்ட்டி. நான் பாக்கல. பாக்கலைன்னுதான் கையெழுத்துப் போட்டேன்."

இராசமலர் சிரித்தார். வக்கீல் மாதிரிக் கதைக்கிறாள் என்று யாரிடமோ திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். பின்னாலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டுத் திரும்பியவர், மகளின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. இருபத்தெட்டு வருடம் நோயாளிகளின் முகத்தைப் படித்தவர்.

"என்ன பிள்ளை?"

மஹதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜூலையில் நின்ற அதே இடம். கொடியில் இன்று துணி இல்லை. கம்பியில் மழைத்துளிகள் மட்டும் வரிசையாகத் தொங்கின. அன்று பேனா நின்றபோது இருந்த அதே அமைதி. தொலைபேசியில் ஒரு மண்டபம் முழுக்க ஆட்கள் சிரிப்பது மெல்லிசாகக் கேட்டது.

"அதை மேடையில சொல்லாதேங்கோ, அம்மா," என்றாள் சோபனா. "நீங்க வெல்ல வேணும் எண்டுதான் நானும் பாத்துக்கொண்டு இருந்தனான். ஆனா நான் சேருக்குத்தான் போட்டனான்."