காற்று தொடாத பத்தாம் எண்

ஐதா கொதெல்யாவைப் பிறந்த நாள் முதல் காற்று தொட்டதில்லை. வடகிழக்கு மலைவிளிம்பிலிருந்து சரிந்திறங்கும் பூர்யா என்னும் காற்று, குளிர்காலத்தில் நெடுஞ்சாலை லாரிகளைப் பக்கவாட்டில் படுக்கவைக்கும் ஊர் போத்கிரிச்சே. அங்கே இச்செய்தி பரவ ஒரு வாரம் ஆயிற்று. அவளைச் சுற்றி நான்கு காலடித் தொலைவுக்கும், அவள் இரவில் உறங்கும் வீட்டின் மேலும் பூர்யா வீசுவதில்லை. தேவாலயத்தில் பெயர் வைத்த அன்று கதவு பெயர்ந்து விழுந்தும், அவள் தலைமாட்டில் இருந்த மெழுகுவர்த்தி அணையவில்லை. பாதிரியார் அதைப் பதிவேட்டில், குழந்தையின் எடைக்குக் கீழே, குறித்துவைத்தார். தந்தை திராகோவுக்குக் கூரை வேயும் தொழில். ஊர் அமைந்த விபாவா பள்ளத்தாக்கில் ஓடுகளின் மேல் கல் அடுக்காத கூரை கூரையாகாது. அந்தக் கற்களைத் தேர்வதிலும் வைப்பதிலும் அவருக்கு நிகரானவர் இல்லை. மகளுக்கு மூன்று வயதானபோது அவர் தம் வீட்டுக் கூரையிலிருந்த நாற்பத்தொரு கற்களையும் இறக்கிச் சுவரோரம் அடுக்கினார். கூரைக்காரர் வீட்டிலேயே கல் இல்லை என்று ஊர் பேசியது. பேச வேண்டும் என்பதற்காகத்தான் அவர் இறக்கினார்.

பதினாறு வயதில் அவள் ஊரின் பெண்கள் கால்பந்து அணியில் சேர்ந்தாள். அந்த அணி அப்போது முதல்நிலைத் தொடரில் கடைசி இடத்தில் இருந்தது. போத்கிரிச்சேயில் காற்றுக்காக ஆட்டத்தை ஒத்திவைக்கும் வழக்கம் இல்லை. ஒத்திவைத்தால் ஆண்டில் பாதி ஆட்டம் நடவாது. எதிரணிக் கோல்காவலர் உதைத்த பந்து நடுக்கோடு வரை போய், மனம் மாறியதுபோல் திரும்பி அவர் தலைக்கு மேலேயே பறந்து போகும். ஐதாவின் காலடியில் அதே பந்து சமையலறை மேசைமேல் வைத்த ஆப்பிள்போல அசையாதிருக்கும். இரண்டு பருவங்களில் சொந்த மைதானத்தில் இருபத்து மூன்று கோல்கள் அடித்தாள், வெளியூர்களில் இரண்டு. ஓர் அணி புகார் கொடுத்தது. காற்று எல்லா ஆட்டக்காரர்களையும் சமமாகத் தொட வேண்டும் என்று விதிநூலில் இல்லை எனச் சங்கம் ஒரே வாக்கியத்தில் பதில் எழுதியது. செய்தித்தாள்கள் அவளைப் பூர்யாவின் மகள் என்றன. அவளுடைய இடது காலைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் அதைத்தான் தேடிப் பார்த்தாள்.

பதினெட்டாம் வயதில், நாட்டின் மறுகோடியிலுள்ள ராவ்னிட்சா என்னும் சமவெளி ஊரின் பயிற்சியாளர் பெர்னார்தா அவளைத் தேடி வந்தார். அவர் பார்த்திருந்தது ஒரே ஓர் ஆட்டம். வெளியூரில், காற்றே இல்லாத நாளில், ஐதா ஒன்பது முறை பந்தைப் பறிகொடுத்த ஆட்டம்.

“காத்துல நீ ஆடி நான் பார்த்ததே இல்ல, பார்க்கவும் வேண்டாம். பந்து வர்றதுக்கு முன்னாடியே தலையத் தூக்கிப் பார்க்கிற பாரு, அது சொல்லிக் குடுத்து வராது. மத்ததெல்லாம் சொல்லிக் குடுத்துடலாம்,” என்றார் அவர்.

ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கு. மார்ச் மாதக் கடைசி ஆட்டம் முடிந்ததும், வைத்துக்கொள்வதா வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்லப்படும். தொழில்முறை ஆட்டக்காரியாக அவள் இட்ட முதல் கையெழுத்து அதுதான். அவள் புறப்பட்ட அன்று, கற்களைத் திரும்ப ஏற்றிவிடுங்கள் என்றாள் தாய் ஸ்லாவிட்சா.

“விளையாடத்தானே போறா? வீட்டை விட்டா போறா?” என்ற திராகோ கல்லைத் தொடவில்லை. ஊரெங்கும் பிறர் கூரைகளுக்குக் கணக்கிட்டுக் கல் வைத்த மனிதர் தம் வாழ்வில் செய்த ஒரே தொழிற்பிழை அது.

ராவ்னிட்சாவில் காற்று பெயருக்குத்தான் இருந்தது. ஐதாவின் விசேஷத்தை அங்கே யாரும் கவனிக்கவில்லை; கவனிப்பதற்கு எதுவும் இல்லை. அவள் வெறும் பத்தாம் எண் சட்டை அணிந்த பெண். சொந்த ஊரில் பந்தை நிறுத்த அவளுக்கு எப்போதும் நேரம் இருந்திருக்கிறது. இங்கே அந்த நேரத்துக்குள் மூவர் வந்து சூழ்ந்தார்கள். பெர்னார்தா அவளைத் தானியக் கிடங்கின் செங்கல் சுவருக்கு முன் நிறுத்தினார். காலைதோறும் முந்நூறு முறை, இடது காலால். சுவர் திருப்பியனுப்பும் பந்தை நிறுத்தாமல், தொட்ட தொடுதலிலேயே உடலைத் திருப்ப வேண்டும். அக்டோபரில் செங்கல்லின் காரை உதிர்ந்தது. டிசம்பரில் ஒன்பது நிமிடம் ஆடக் கிடைத்தது. பிப்ரவரியில் தொடக்கப் பதினொருவரில் அவள் பெயர் இருந்தது. கோல்கள் நான்கு, நான்கும் அசையாத காற்றில்.

இதற்கிடையே நவம்பரில், பூர்யா பதினைந்து ஆண்டுப் பாக்கியை வசூலிப்பதுபோல் கொதெல்யா வீட்டின் மேல் இறங்கி, மூன்றில் ஒரு பங்கு ஓடுகளை அடுத்த திராட்சைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தது. திராகோ தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். கல் மட்டும் வைக்கவில்லை. தொலைபேசியில் மகளிடம் கூரை நன்றாக இருப்பதாகச் சொன்னார். உண்மையைச் சொன்னவள் பெத்ருஷா. ஐதாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், போத்கிரிச்சே அணியின் கோல்காவலர்.

“உங்கப்பா தார்ப்பாய்க்கு அடியில யோத்தா சூப்பு குடிச்சிக்கிட்டிருக்காருடி. கல்லை வெச்சா நீ திரும்பி வரமாட்டேன்னு ஆயிடுமாம். ஊரே சிரிக்குது.”

மார்ச் மாதக் கடைசி ஆட்டம் போத்கிரிச்சேயில் அமைந்தது. அன்று பூர்யா மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. உடைமாற்றும் அறையில் ஐதா காலணி நாடாவைக் கட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னை இறக்காதீங்க. அடிச்சா காத்து அடிச்சதும்பாங்க. அடிக்கலன்னா காத்துகூடக் கைவிட்டுடுச்சும்பாங்க.”

“சொல்றவங்க சொல்லட்டும். நான் பேரை எழுதிக் குடுத்துட்டேன். நாடாவைக் கட்டு,” என்றார் பெர்னார்தா.

ஐதா வெள்ளைக்கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் மைதானம் முழுவதும் காற்று நின்றது. வழக்கமான நான்கு காலடி மட்டும் இல்லை. நூற்று நான்கு மீட்டர் நீளமும் அறுபத்தாறு மீட்டர் அகலமும், கோட்டுக்கு உட்பட்ட எல்லா இடத்திலும். கோட்டுக்கு வெளியே பக்கநடுவர் கொடியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஓடினார். பார்வையாளர்கள் கம்பிகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று தொப்பிகள் கடலை நோக்கிப் பயணப்பட்டன. உள்ளே இருபத்திரண்டு பெண்களுக்கும் ஒரே அமைதி, சமமாகப் பங்கிடப்பட்டிருந்தது. ஐதாவுக்குச் சலுகை ஏதும் இல்லை என்பதைக் கூட்டம் பத்து நிமிடத்தில் புரிந்துகொண்டது. அவளுக்கு முதல் தொடுதலிலேயே புரிந்தது. அந்தப் பந்தை அவள் பறிகொடுத்தாள்.

எழுபத்தோராம் நிமிடத்தில், கோலுக்கு முதுகு காட்டி நின்றவளிடம் பந்து வந்தது. அது வருமுன்பே அவள் தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்திருந்தாள். இடது காலின் உட்புறத்தால் தொட்டாள், தொட்டபோதே திரும்பிவிட்டாள், காவலுக்கு நின்ற இருவரும் அவள் இருந்த இடத்தைக் காத்துக்கொண்டிருந்தார்கள். பந்து தரையோடு சென்று தூரத்துக் கம்பத்தின் உட்பக்கத்தை உரசி வலைக்குள் போயிற்று. போத்கிரிச்சேக்காரர்கள் தங்கள் அணி தோற்பதை மறந்து கம்பிகளை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள், கையை விட்டதால் நால்வர் விழுந்தார்கள், விழுந்தபடியே தட்டினார்கள். மறுநாள் செய்தித்தாளில் அவளுடைய இடது காலைப் பற்றி மட்டும் பதினெட்டு வரிகள் இருந்தன.

“காத்து மேல பழி போடக்கூட வழியில்லாமப் பண்ணிட்டியேடி, பாவி,” என்று வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்தபடி சொன்னாள் பெத்ருஷா. அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

பேருந்துப் படியில் நின்று பெர்னார்தா தம் முடிவைச் சொன்னார்: “மூணு வருஷம். பேனா இருக்கா?”

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. திராகோ ஏணியைச் சாய்த்து, புது ஓடுகளைப் பரப்பி, சுவரோரம் பதினைந்து ஆண்டுகளாகப் பாசி பிடித்திருந்த கற்களைக் கேட்டார். ஐதா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவள் முந்தின இரவு அந்த வீட்டில் உறங்கியிருந்ததால் கூரைமேல் காற்று இல்லை. வேலைக்கு வசதியாக இருந்தது. நாற்பதாவது கல்லோடு போதாதா என்று கேட்டாள்.

“ஒண்ணு குறைஞ்சாலும் ஓடு போயிடும். நீ இனிமே இங்க தங்கப்போறதில்ல. குடு எல்லாத்தையும்,” என்றார் அவர். பிறகு, தெருவில் போய்க்கொண்டிருந்தவரிடம் தேவைக்கு மேல் உரத்த குரலில், “மூணு வருஷ ஒப்பந்தம்! கல்லு வைக்காம முடியுமா?” என்றார்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ ஐதா எதிரணியோடு போத்கிரிச்சேக்கு வருகிறாள். மைதானத்துக் கோடுகளை இப்போது நூல் பிடித்துப் போடுகிறார்கள். ஒருமுறை கோடு கிழக்கே ஒரு சாண் உள்ளே தள்ளிப் போடப்பட்டதில் காற்றும் ஒரு சாண் உள்ளே வந்துவிட்டது. நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் வழக்கமான அறிவிப்புகளோடு இன்னொன்றும் அச்சிடப்படுகிறது: பத்தாம் எண் களத்தில் இருக்கும்வரை, கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.