ராகேலின் சக்கைக்கு இரண்டு தீர்ப்பு

ராகேலுக்கு ஒரே வாரத்தில் இரண்டு தீர்ப்பு கிடைத்தது. மாமனார் பாகம் பிரித்தபடி வேலியோரத்து வருக்கைப் பலாமரம் அவளுக்கே என்றது சிவில் கோர்ட்டு. மரம் நிற்கிற மண் கொழுந்தன் ஞானசிங்குக்கு. அதில் அத்துமீறிக் கால் வைத்ததால், ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகக்கூடாது என்றது கிரிமினல் கோர்ட்டு.

“அப்போ நான் பறந்துபோயா சக்க பறிக்கணும்?” என்று வக்கீல் குமாரதாஸிடம் கத்தினாள்.

“பறக்கப்பிடாதுன்னு தீர்ப்புல இல்ல,” என்றார் அவர்.

அந்த வருஷத்து முதல் பலாப்பழமோ கன்றுக்குட்டிப் பருமன். மரத்தில் கை வைக்க ஞானசிங்குக்கும் தடை. பழுத்த வாசனை குலசேகரம் ஊரையே தாண்டி மலையேறி, காட்டுயானைக்கே வாயூற வைத்தது. ராகேல் வேலிக்கு இந்தப் பக்கம் பாய் போட்டுக் காவல் இருந்தாள். ஒன்பதாம் நாள், மூன்று ஊர் அதிர, பழம் தானாகவே விழுந்தது. அவன் பக்கம்.

“விழுந்ததைப் பத்தித் தீர்ப்புல ஒண்ணும் இல்ல மைனி!” என்று ஞானசிங் அதைத் தோளில் தூக்கினான்.

தின்றிருந்தாலாவது பரவாயில்லை. முதற்பலனைக் கர்த்தருக்குப் படைத்து ஏலம் விடுவது சபை வழக்கம். ஞாயிற்றுக்கிழமை தன் பேரிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டான்.

“ஞானசிங் படைச்ச சக்க! ஆரு கேக்கிய?” என்றார் உபதேசியார்.

ராகேலுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, இருபத்தொரு மரக்கால் கொண்ட ஒரு கோட்டை நெல்லின் விலையைச் சொன்னாள். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. பழத்தோடு வீடு வந்தால், ஞானசிங் அப்பீல் போட்ட சேதியோடு வக்கீல் நின்றிருந்தார். நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

“கெடுத்தியளே! சொந்தச் சக்கய எவளாவது ஏலத்துல எடுப்பாளா? அவன் படைச்சதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டமாதிரில்லா ஆச்சு! போட்டும், இதை வெட்டாதீங்க. கோர்ட்டுல காட்டணும்.”

ராகேல் கத்தியில் தேங்காயெண்ணெய் தடவினாள்.

“ஏழு வருசமா நான் கேஸ் நடத்துனது சக்க திங்கதுக்கு வக்கீலே, காட்டதுக்கு இல்ல.”

ஒரே போடு. வக்கீல் முதல் சுளையை வேண்டாமென்றார். முப்பதாவது சுளையை விழுங்கியபிறகுதான் அப்பீல் நினைவு வந்தது.

“கோர்ட்டுல இனி எதைக் காட்ட?”

ராகேல் கொட்டைகளை வழித்து அவர் துண்டில் கட்டினாள்.

“இதைக் காட்டும். காட்டிட்டுப் பத்திரமா திருப்பிக் கொண்டாரும். இனி எனக்க முற்றத்து நடுவுலதான் ஊணப் போறேன்.”