கர்த்தர் வேண்டாம் என்றார்

"ரிட்டையர் ஆன தம்பதிக்கு ஏற்ற லேசான ஊழியம்" என்று சொல்லித்தான் எங்கள் சபையார் இந்த ஊருக்கு அனுப்பினார்கள். அவர்கள் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். இலையுதிர்காலம் தொடங்கிய கையோடு என் கணவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்கக் கல்லூரிகள். படிப்புக்கும் முதல் வேலைக்கும் வந்து இறங்கும் வாலிபப் பிள்ளைகளை ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வரவேண்டும். அவர்கள் மெத்தையை மாடி ஏற்ற வேண்டும். முட்டை வேகவைக்கத் தெரியாததுகளுக்கு அடுப்பைக் காட்டிக் கொடுக்க வேண்டும். பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்து அழுவதுகளுக்கு மூக்குத் துடைக்கக் காகிதம் நீட்ட வேண்டும். வியாழன்தோறும் சபை மண்டபத்தில் எல்லாருக்கும் சூப்பும் ரொட்டியும் கொடுத்து ஜெபக்கூட்டம் வேறு. அவர் ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவர், இப்போது சபை வேன் ஓட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். பழக்கதோஷம், இன்னமும் கழுத்தில் விசில் தொங்கும். அதனால் பிள்ளைகளுக்கு நான் விசில் அம்மா, அவர் ஐயா. மரியாதையெல்லாம் அவருக்குத்தான்.

எல்லாவற்றையும் சந்தோஷமாகத்தான் செய்தேன், அவனைப் பார்க்கும்வரை.

முதல் வியாழக்கிழமை. கையில் கரண்டியோடு சூப் அண்டாவுக்குப் பின்னால் நிற்கிறேன். தோளில் கிட்டாரோடு உள்ளே வருகிறான். பிள்ளைகள் "கிட்டார் அண்ணன் வந்துட்டார்" என்று ஓடுகிறார்கள். இந்த ஊரில் பாட்டு நடத்துகிறவனே அவன்தானாம். என்னைக் கண்டதும் ஒரு நொடி முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் சுதாரித்துக்கொண்டு கிட்டே வந்து, "ஸ்தோத்திரம்மா. பழசையெல்லாம் கர்த்தர் கழுவிட்டார்" என்றான். யாருடையதை யார் கழுவுவது? கரண்டி கொதிக்கக் கொதிக்க என் கையில் இருந்தது. அவன் நல்லநேரம், சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் மகளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் இவன். கல்யாணத்துக்கு முந்தின வாரம், மண்டபம் பேசி, உடை தைத்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் டிக்கெட் எடுத்த பிறகு, அவள் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினான். "ஜெபித்தேன். கர்த்தர் வேண்டாம் என்றார்." அவ்வளவுதான். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். இன்னொருத்தி இருக்கிறாள் என்றால் அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். கர்த்தரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடியவனை எங்கே போய்ப் பிடிப்பது? என் கணவர் போன் செய்தால்கூட எடுக்கவில்லை.

பாவி மகள் அதை நம்பிவிட்டாள். அதுதான் என் வயிற்றெரிச்சல். சபைப் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடியவள் அன்றோடு வாயை மூடினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் துணி துவைக்கிறாள். ஏன்டி என்று கேட்டால், "என்னை வேண்டாம்னு சொன்னவர்கிட்ட நான் என்னம்மா பேசுறது?" என்கிறாள். நாங்கள் ஊழியத்துக்குக் கிளம்பியபோது பெட்டி கட்டிக் கொடுத்ததே அவள்தான். "ஊர்ப் பிள்ளைங்களையாவது அவர்கிட்ட கொண்டுபோய்ச் சேருங்க" என்றாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

சும்மா விடுவேனா? என்னால் முடிந்ததைச் செய்தேன். அவன் கிண்ணத்தில் ஒரு கோழித் துண்டுகூட விழாமல் பார்த்துக்கொண்டேன். சபை முற்றத்தில் இலை கூட்டும் நாளில், கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் ஊறிக் கிடக்கும் மூலையை அவனுக்கு ஒதுக்கினேன். வேனில் கம்பி குத்தும் சீட்டில் உட்கார வைத்தேன். விசில் ஊதினால் யார் மறுப்பது?

"அவன் கிண்ணத்துல மட்டும் வெறும் தண்ணியா இருக்கே டீச்சர்" என்றார் என் கணவர்.

"கரண்டிக்குக் கண்ணு தெரியுமாங்க?"

"நாலு வருஷம் ஆச்சு. விட்டுத் தள்ளு."

"நம்ம பொண்ணு விட்டுட்டாளா? அவ விடட்டும், நானும் விடுறேன்."

அவர் வேன் கழுவப் போய்விட்டார். கோபம் வந்தால் அவர் வேன் கழுவுவார். அந்தப் பருவம் முழுக்க வேன் பளபளவென்று இருந்தது.

பிள்ளைகளில் ஒருத்தி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அப்பா அம்மா கிடையாது, சித்தி வளர்த்த பெண். கடை மூடியதும் நேரே எங்கள் சமையலறைக்கு வந்து, கேட்காமலேயே பாத்திரம் துலக்குவாள். எனக்கு முட்டிவலி என்று தெரிந்து தைலம் கொண்டுவந்து வைப்பாள். அவள்மேல் எனக்கு உசிர். ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், "அம்மா, எனக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு. கிட்டார் அண்ணனோட."

கத்தி என் கையில் இருந்திருந்தால் விரல் போயிருக்கும்.

"குளிர்காலம் முடிஞ்சதும் கல்யாணம். நீங்களும் ஐயாவும்தான் அப்பா அம்மாவா நின்னு என்னைப் பிடிச்சுக் குடுக்கணும். வியாழக்கிழமை கூட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்" என்றாள்.

"அவனுக்கு இது தெரியுமா?"

"தெரியும்மா. அவங்க ஊழியக்காரங்க, மாட்டேன்னு சொல்ல மாட்டாங்கன்னார்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். மிஷனரி என்றால் வாயில்லாப்பூச்சி என்று கணக்குப் போட்டிருக்கிறான். பழைய கதையை அவளிடம் மூச்சுக்கூட விடவில்லை என்பதும் அவள் சிரிப்பிலேயே தெரிந்தது. "ஜெபிச்சுட்டு வியாழக்கிழமை சொல்றேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. வசமாக மாட்டினான்.

என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "கர்த்தர் பேரைச் சொல்லி நீயும் பொய் சொல்லப்போறியா? அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு?"

"அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். நம்ம பொண்ணு அவன் வாயால கேக்கணும். அவ போனை வைக்காம கேட்டுக்கிட்டு இருப்பா. நான் சொல்லிட்டேன்."

அவர் எழுந்து போய் என் போனை எடுத்துச் சார்ஜில் போட்டார்.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. என் மகளுக்குப் போன் போட்டு, "என்ன கேட்டாலும் வைக்காத" என்று சொல்லி ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்தது. மருந்துக்கடைப் பெண் எழுந்து வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். "விசில் அம்மாவும் ஐயாவும்தான் என் பக்கம் நிக்கணும்னு ஆசை. ஜெபிச்சுட்டு சொல்றேன்னாங்க" என்றாள். அவன் கிட்டாரைத் தடவிக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

நான் எழுந்தேன். எழுத்து மாறாமல் சொன்னேன்.

"ஜெபித்தேன். கர்த்தர் வேண்டாம் என்றார்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏம்மா? எதுக்கு வேண்டாம்னார்?" என்று கேட்டாள்.

"அதையெல்லாம் கேக்கக் கூடாதும்மா. அவர் சொன்னாச் சொன்னதுதான். தம்பிக்கு இது நல்லாத் தெரியும்" என்றேன்.

அவன் எழுந்துவிட்டான். "இது நியாயம் இல்லம்மா. என் மேல கோபம் இருந்தா என்னைத் திட்டுங்க. அதுக்கு அவர் பேரை இழுக்காதீங்க. அவர் உங்ககிட்ட அப்படி எதுவும் சொல்லல."

"சொல்லலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் அப்படிக் கடைசி நேரத்துல ஒரு பொண்ணு மனசை உடைக்கிற மாதிரிப் பேச மாட்டார்."

"பேச மாட்டாரா? அப்ப கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் பொண்ணுக்கு நீ அனுப்பினியே, அது யாரு பேசினது?"

பிள்ளைகள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் விடவில்லை. "ஒத்துக்கிறேன். அவர் என்கிட்ட ஒரு வார்த்தையும் பேசல. நான் சொன்னது பொய். இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு."

அவன் என் கணவரைப் பார்த்தான். அவர் எப்போதும் சமாதானம் பேசுகிறவர், காப்பாற்றுவார் என்று நினைத்தான். அவர் கதவுப் பக்கத்து நாற்காலியிலிருந்து மெதுவாக, "சொல்லிரு தம்பி" என்றார்.

"எனக்குப் பயமா இருந்துச்சு" என்றான் அவன். குரல் எழும்பவில்லை.

"சத்தமா."

"நான்தான் வேண்டாம்னேன். அப்படிச் சொல்ல தைரியம் இல்ல. அவர் ஒண்ணும் சொல்லல. நான் ஜெபிக்கக்கூட இல்ல."

ஜெபிக்கக்கூட இல்லையாம். நாலு வருஷம் என் பிள்ளை வாயடைத்துக் கிடந்தது இதற்குத்தான். ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். அதற்குள் மருந்துக்கடைப் பெண் அவன் முன்னால் போய் நின்றாள்.

"என்கிட்ட, 'கர்த்தர்தான் உன்னைக் காட்டினார்'னு சொன்னீங்களே. அதுவும் இப்படித்தானா?"

அவன் கிட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் தன் தோளில் போட்டிருந்த அவன் கோட்டை எடுத்து, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனாள். அவனை யாரும் போகச் சொல்லவில்லை. அவனாகவே போனான். எனக்கு மனசு குளிர்ந்தது, ஒளிக்க மாட்டேன்.

சமையலறைக்குப் போய் அவள் தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிடவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவள் பக்கத்திலேயே நின்று போனை எடுத்துக் காதில் வைத்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது.

"கேட்டியாடி?"

"கேட்டேன்." அப்புறம், "அப்ப அவர் என்னை வேண்டாம்னு சொல்லலையாம்மா" என்றாள்.

"சொல்லலடி. ஒருநாளும் சொல்லல."

அவள் அழுகிறாளா, மூக்கை உறிஞ்சுகிறாளா என்று தெரியவில்லை. என் கணவர் வந்து என் பக்கத்தில் நின்று போனுக்குக் காது கொடுத்தார்.

"நீ கர்த்தர் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டியேம்மா. கோவிச்சுக்க மாட்டாரா?" என்றாள் மகள்.

"தெரியலடி. நீயே கேட்டுச் சொல்லு."

ஈரத்துணியை எங்கோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சரிம்மா" என்றாள் என் மகள். "போனை வை. கேக்குறேன்."