ஊருக்கெல்லாம் கொம்பாரே

என் அண்ணன் தாக்கியோவுக்கு எழுபத்து மூன்று ஞானப்பிள்ளைகள். எழுபத்து நான்கு என்று சொல்பவர்களும் உண்டு. பிறந்த மறுநாளே போய்விட்ட ஒரு பெண் குழந்தையை அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் கன்லுபாவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தொப்புள்கொடி விழுவதற்குள் எங்கள் கடை வாசலில் ஆள் வந்து நிற்கும்.

கேட்பார்கள், அண்ணன் சரி என்பார். ஞானத்தகப்பனாக இருக்கக் கேட்டு ஒருவர் மறுத்தால் அந்தக் குழந்தைக்கு ஆகாது என்பது எங்கள் கடற்கரைப் பக்கத்தில் எல்லோரும் நம்புவது. பெற்றவர்களுக்கு அது முகத்தில் துப்பியது மாதிரி. மறுக்க மனம் வராத ஆள் இவர் என்று தெரிந்ததும் ஊர் இவரையே பிடித்துக்கொண்டது.

ஞானஸ்நானம் முடிந்துவிட்டால் குழந்தையின் அப்பன் கொம்பாரே ஆகிவிடுவான், அம்மா கொமாரே ஆகிவிடுவாள். அவர்களும் இவரைக் கொம்பாரே என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு உறவாகிவிட்டது. நார் நனைந்திருக்கிறது, எடுக்க மாட்டேன் என்று கொம்பாரேயிடம் சொல்ல முடியுமா? அண்ணனின் வியாபாரமே நார்தான். மலையில் விளையும் நார்வாழையைச் சீவிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். அதைப் பிரித்து, தரம் பார்த்து, நிறுத்து, படகேற்றித் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். பாதி நாள் மற்றவர்களின் ஈர நாரை எங்கள் முற்றத்தில் காயப்போட்டுக்கொண்டிருப்பார். மீதி நாள் எல்லைத் தகராறு, ஓடிப்போன மருமகள், செத்தவனுக்குச் சவப்பெட்டிப் பலகை. சாப்பிட உட்கார்ந்ததும் வாசலில் ஒரு குரல் "கொம்பாரே" என்னும். சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போவார். மரியாதை என்று இதற்குப் பெயர். எனக்கு அந்த மரியாதையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி இறந்து பதினொரு வருடம் ஆகிறது. பிள்ளையில்லை. பத்து நாள் சமைத்துப்போட வந்த நான் அப்படியே தங்கிவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, போக வேறு இடமும் இல்லை.

கசில்டா கதைக்கு வருகிறேன். அவள் புருஷன் கோரியோ ஒரு ஜூன் மாதம் கள் இறக்க ஏறிய தென்னையிலிருந்து விழுந்து செத்தான். அப்போது அவளுக்கு வயிற்றில் மூன்று மாதம். அவள் நாரில் துணி நெய்வாள், சனிக்கிழமை தோறும் கடைக்குக் கொண்டுவருவாள். மற்றவர்களின் துணியை ஒரு பார்வையில் தரம் சொல்லிவிடுகிற அண்ணன் அவள் துணியை மட்டும் மேசையில் விரித்து ரொம்ப நேரம் பார்ப்பார். வந்த நாரிலேயே மெல்லியதை அவளுக்கென்று தனியாக எடுத்து வைப்பார். ஊரில் அவருக்குக் கொமாரே ஆகாத பெண்களை விரல்விட்டு எண்ணலாம், அவள் அதில் ஒருத்தி. முதலாளி என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு ஒன்றும் கண் அவிந்துவிடவில்லை.

ஒருநாள் நாரைச் சிக்கெடுத்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

"ஜூன் வந்தா துக்கக் கறுப்ப கழட்டிடுவா."

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காத, தென்சியா. வருஷம் முடியட்டும், ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். இந்த வயசுல சிரிப்பாங்களா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க" என்றேன். அன்று சோறு அடிப்பிடித்தது. அவள் வந்துவிட்டால் இந்த அடுப்படியில் எனக்கு என்ன வேலை என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பூசை வைக்கிற பாத்ரே எங்கள் ஊருக்கு வருடத்தில் இரண்டு முறைதான் வருவார். டிசம்பரில் பிறந்த கசில்டாவின் பிள்ளைக்கு மே மாதத் திருவிழாவில்தான் ஞானஸ்நானம். மே தொடக்கத்தில் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகக் கடைக்கு வந்தாள். இதற்கெல்லாம் வீட்டுப் பெரியவர் ஒருவர் வருவதுதான் வழக்கம்.

"மாமியார் அனுப்பிச்சாங்க, முதலாளி. புள்ளைக்கு ஞானத்தகப்பனா நீங்கதான் நிக்கணுமாம்."

அண்ணன் தராசுத் தட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டார். குழந்தையை ஏந்தியவரும் அதைப் பெற்றவளும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, அவர்களுக்குள் கல்யாணம் கூடாது என்று பாத்ரே ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார். செபுவில் இருக்கும் ஆயர் விலக்கு எழுதிக் கொடுப்பாராம். எங்கள் ஊரில் அப்படிக் கேட்டவர் யாருமில்லை.

"இப்பவே சொல்ல வேணாம். மூணு நாள் யோசிச்சு சொல்லுங்க" என்றாள் கசில்டா. ஞானத்தகப்பனுக்குத் தவணை கொடுத்து அதுவரை நான் கேட்டதில்லை.

போகிற வழியில் அடுப்படிக்கு வந்தாள். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அக்கா, அவருக்கு மனசில்லன்னா வேணாம்னே சொல்லட்டும். மாமியார் குதிப்பாங்க. ஊரு வாய்க்கு வந்தத பேசும். நான் கோவிச்சுக்க மாட்டேன். இத அவர்கிட்ட சொல்லிடுங்க, அக்கா."

"சொல்றேன், போ."

சொல்லவில்லை. முதல் நாள், கடையில் கூட்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் கசில்டாவின் மாமியார் விஷயத்தை ஊரெல்லாம் பரப்பிவிட்டாள். நார் போட வந்தவர்கள், "என்ன கொம்பாரே, அப்பனில்லாத புள்ளைக்கும் நீங்கதானாமே, உங்களுக்குப் புண்ணியம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் காடியில் ஊறவைத்த மீனைத் தொடவில்லை. அவருக்கு அதில் உயிர். மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"நீ என்ன சொல்ற?"

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"இத்தன பேருக்கு செஞ்சுட்டு ஒரு விதவை புள்ளைக்கு மட்டும் மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?"

அண்ணன் தொப்பியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுப் பக்கம் நடந்தார்.

திருவிழா நாளில் பிள்ளையை ஏந்தி நின்றார். தண்ணீர் பட்டதும் அது வீறிட்டது, எல்லோரும் சிரித்தார்கள். வெளியே வந்தபோது கசில்டா தலையைக் குனிந்துகொண்டு, "நல்லாயிருங்க, கொம்பாரே" என்றாள். இரண்டு வாரம் கழித்து அவள் கறுப்பைக் கழற்றினாள்.

அன்றைக்கு மனசு கேட்காமல் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடுப்படியில் அவள் சொன்னது, நான் மறைத்தது, ஏன் மறைத்தேன் என்பது. திட்டுவார், வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும். மூணு நாள் குடுத்தப்பவே அவ மனசு புரிஞ்சுபோச்சு" என்றார்.

"பின்ன ஏன் போய் சரின்னீங்க?"

"மாட்டேன்னா ஏன்னு சொல்லணும். வீடு வீடா சொல்லணும், வருஷம் பூரா சொல்லணும். சரின்னா ஒரு தலையாட்டலோட முடிஞ்சுது. எனக்கு அலுப்பா இருந்துச்சு, தென்சியா. அவ்வளவுதான்."

அவர் திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அவர் பாட்டுக்கு நாரை உதறிக் கொடியில் போட்டார்.

மறு வருடம் மழைக்காலம் முடிந்ததும் கசில்டாவுக்கும் ஒரு படகோட்டிக்கும் கல்யாணம் பேசி முடித்தார்கள். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. படகோட்டியின் பெரியப்பா ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்.

"கொம்பாரே, புள்ளைக்கு நின்ன மாதிரி தாயோட கல்யாணத்துக்கும் நீங்கதான் முன்னால நிக்கணும். பொண்ணு கூச்சப்படுது, வேற ஆளப் பாருங்கன்னுது. உங்கள விட்டா எங்களுக்கு வேற யாரு?"

அண்ணனின் கை நார்க்கட்டில் நின்றது. தலை லேசாக அசையத் தொடங்கியதைப் பார்த்தேன். அகப்பையோடு வெளியே வந்தேன்.

"அவர் வரமாட்டார்."

"என்னம்மா சொல்ற?"

"வரமாட்டார்னு சொல்றேன். ஏன்னு கேக்காதீங்க. சேவல எடுத்துட்டுப் போங்க."

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க தங்கச்சி பேசறத கேட்டீங்களா, கொம்பாரே?"

"கேட்டேன்" என்றார் அண்ணன்.

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், என்னை என்னவெல்லாம் சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். சொல்லட்டும். அண்ணன் பிரித்த கட்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பாயில் படுத்துக்கொண்டார். வாசலில் மலையிலிருந்து வந்த இரண்டு பேர் நார்ச் சுமையோடு நின்று, "கொம்பாரே, கொம்பாரே" என்று கூப்பிட்டார்கள். அவர் தூங்குகிறார், நாளைக்கு வாருங்கள் என்றேன். அவர் தூங்கவில்லை. முதுகு குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தார். நான் கடைக் கதவை இழுத்துச் சாத்தினேன்.