கழுதைப்புலியும் புலிதான்

மரியதாஸ் மாடியில் இரும்பு நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். உஸ்மான் ரோட்டில் நல்லசிவத்தின் ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த மாடி அது. பாதி இடத்தில் வேட்டி, துண்டு மூட்டைகள்; மீதியில் யாத்திரை ஆபீஸ். ஒரு நாற்காலிக்குக் கால் ஆடியது. அதைத் தனக்கென்று ஓரத்தில் ஒதுக்கி வைத்தான். மற்றவற்றைத் துடைத்து, கீழே ஓட்டலிலிருந்து வந்த போண்டாவையும் காப்பித் தூக்கையும் மேஜைமேல் வைத்து, ஈ மொய்க்காமல் பேப்பரால் மூடினான்.

ஒவ்வொரு யாத்திரை முடிந்ததும் போய்வந்தவர்களைக் கூப்பிட்டு, டிபன் கொடுத்து, அபிப்பிராயம் கேட்பது நல்லசிவத்தின் வழக்கம். காசிக்குப் போய்வந்தவர்கள் கங்கையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சாம்பாரைப் பற்றிச் சொல்வார்கள். இந்தத் தடவை போய்வந்த இடம் ஆப்பிரிக்கா.

நல்லசிவத்தின் மாமன் மகன் சாம்பியா நாட்டில், லுசாக்காவில் கடை வைத்திருந்தார். வருகிறவர்களின் அங்கத்திய செலவு தன் பொறுப்பு என்று அவர் எழுதிக் கொடுத்ததால் அந்நியச் செலாவணி கேட்காத இந்தப் பயணத்துக்கு ரிசர்வ் வங்கியும் தலையாட்டியது. ‘ஆப்பிரிக்கக் காட்டில் சிங்கம், புலி, யானைகளை அருகிலிருந்து காணலாம்’ என்று நல்லசிவமே உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினார். ஒரு வேன் நிறைய ஆள் சேர்ந்தது. வழிகாட்டி மரியதாஸ். அவன் சாந்தோம்காரன். ஞாயிறு தவறாமல் பூசை பார்க்கிறவன். ஆனால் காசி மகாத்மியத்தை அவன் சொல்லும்போது அங்குள்ள புரோகிதர்களே தட்சணை கேட்பதை மறந்து நின்றிருக்கிறார்கள். அதற்கு முன் ஆப்பிரிக்காவை அவன் பார்த்ததில்லைதான். முதல் தடவை ஆட்களை அழைத்துப் போகும்வரை காசியையும் பார்த்ததில்லை. அதனால் அவன் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

அவனுடைய ஒரே குறை, டெம்பரவரி என்பது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் யாத்திரை கிடையாது. யாத்திரை இல்லையென்றால் மரியதாசும் கிடையாது. தை பிறக்கும்வரை வீட்டில் இருக்க வேண்டும். இந்த வருஷம் அவன் மனைவி நோராவுக்கு ஐப்பசியில்தான் பிரசவம். விமானம் ஏறுவதற்கு முன்பே நல்லசிவம் வாக்குக் கொடுத்திருந்தார்: போய்வந்தவர்கள் நல்ல அபிப்பிராயம் சொல்லட்டும், அவனை நிரந்தரம் ஆக்கிவிடுகிறேன் என்று.

காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தபோது நோரா, “ஆண்டவருக்குச் சித்தமானா நடக்கும்” என்றாள்.

“அவரு எப்பவோ சித்தமாயிட்டாரு. மொதலாளிதான் பாக்கி” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

நாலு மணிக்கு எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். முதலில் பேசியது நகைக்கடை வீட்டு சுந்தரவல்லி அம்மாள். நீர்யானையைப் பற்றிப் பேசினார். யானை என்று கேள்விப்பட்டதும் அவர் மதராசிலிருந்தே ஒரு தேங்காயை மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தார். ஆற்றங்கரையில் இறங்கிப் பார்த்தால், தும்பிக்கையைக் காணோம். மரியதாசைக் கேட்டதற்கு, தும்பிக்கை தண்ணீருக்குள் இருப்பதாகவும், வெயில் பட்டால் கறுத்துவிடும் என்று அது வெளியே எடுப்பதில்லை என்றும் விளக்கியிருக்கிறான். அம்மாள் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார். வேனில் வந்த அத்தனை பேரும் போட்டார்கள். வேன் ஓட்டிய பண்டா என்ற அந்த நாட்டு டிரைவர், இது ஏதோ இந்தியாவில் ஆபத்துக்குச் செய்கிற ஏற்பாடு என்று நினைத்து அவரும் போட்டார். நீர்யானை ஒரு தடவை வாயைப் பிளந்து காட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து பண்டா எந்த ஆற்றைக் கண்டாலும் வேனை நிறுத்தி, இறங்கி, தோப்புக்கரணம் போட்ட பிறகுதான் பாலத்தில் ஏற்றினாராம்.

“எங்களை ஒரு கல்லு, ஒரு முள்ளு தைக்காம கொண்டாந்து சேத்தது இந்தத் தம்பிதான் அண்ணாச்சி” என்று அம்மாள் முடித்தார். நல்லசிவம் தலையாட்டினார். மரியதாஸ் அவருக்கு இன்னொரு போண்டா வைத்தான்.

அடுத்தவர் பாத்திரக்கடை அய்யாதுரை. அவருக்கு நெருப்புக்கோழி விஷயத்தில் மனக்குறை இருந்தது. லிவிங்ஸ்டன் என்ற ஊர்ப் பக்கத்துப் பண்ணையில் அந்தக் கோழியை வெகுநேரம் உற்றுப் பார்த்தும் நெருப்புக்கான அடையாளமே தெரியவில்லை. ஒருவேளை உசுப்பினால் கக்குமோ என்று கடைச் சாவிக்கொத்தை அதன் முகத்துக்கு நேரே ஆட்டியிருக்கிறார். அது கழுத்தை நீட்டி, கொத்தோடு வாங்கி விழுங்கிவிட்டது. ரங்கநாதன் தெருக் கடையின் பெட்டிச் சாவி. மற்றவர்கள் அருவி பார்க்கப் போக, மரியதாஸ் ஒரு குச்சியுடன் கோழியின் பின்னாலேயே மறுநாள் மத்தியானம்வரை நடந்தான். சாவி வந்தது. முன்பைவிடப் பளபளப்பாக இருந்ததாக அய்யாதுரை சொன்னார். பாத்திரக்காரர், பளபளப்பு தெரிந்தவர்.

“நெருப்புதான் வரல. அதுக்கு அவரு என்ன செய்வாரு, கோழிக்குக் கொடுப்பினை இல்ல” என்றார் அவர்.

மரியதாஸ் ஆடுகிற நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மற்றவர்களும் ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்லி முடிக்க, இனி மீதி இருந்தது மயிலாப்பூர் ஸ்ரீரங்கனும் அவர் மனைவி ஜானுவும்தான். ஸ்ரீரங்கன் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். போண்டாவைத் தொடவில்லை.

அவர் எழுந்து நின்று பேசினார். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய மறுவாரம், குளத்தங்கரைப் பக்கம் அவர் உறுப்பினராக இருந்த கிளப்பில் ‘நான் கண்ட மூன்று புலிகள்’ என்று பிரசங்கம் செய்திருக்கிறார். மரத்தின்மேல் படுத்திருந்த சிறுத்தைப்புலி, புல்வெளியில் ஓடிய சிவிங்கிப்புலி, எலும்பு கடித்துக்கொண்டிருந்த கழுதைப்புலி என்று வரிசையாக வர்ணித்து, உட்காரப்போகும் நேரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுந்து, ஆப்பிரிக்காவில் புலியே கிடையாதே என்று கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. அதோடு விட்டதா? மாட வீதியில் கத்திரிக்காய் வாங்கப் போனால்கூட, “வழி விடுங்கோ, புலி வர்றது” என்கிறார்களாம். எந்தப் புலி என்று இன்னொருவர் விசாரிக்கிறாராம். கழுதையிலிருந்து ஆரம்பிக்கிற புலி என்று பதில் வருகிறதாம்.

“என்னை நாலு பேர் சிரிக்கும்படி பண்ணினது இந்த மனுஷன். இவன் காட்டினதுல ஒண்ணு புலின்னு நிரூபிக்கணும். இல்லேன்னா இவன் இங்கே இருக்கப்படாது” என்றார் ஸ்ரீரங்கன்.

மரியதாஸ் எழுந்தான். அவன் முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. கஃபூயே காட்டில் தினமும் காலையில் வேனில் ஏறியதும் ஸ்ரீரங்கன், இன்றைக்கு அடை உண்டா என்று கேட்கிற தோரணையில், இன்றைக்குப் புலி உண்டா என்று கேட்பார். நோட்டீசில் போட்டிருக்கிறதே என்பார். கேட்ட மனிதருக்கு இல்லை என்று சொல்லி மரியதாசுக்குப் பழக்கமில்லை.

“சார், மூணுக்கும் பேரு புலின்னுதான் முடியுது. பேரு வெச்சது நான் இல்ல, தமிழு. வரிக்குதிரை மேல எவனும் சவாரி போவல, அதுக்கோசரம் அது குதிரை இல்லன்னுட்டாங்களா? கழுதைப்புலியும் புலிதான் சார்.”

அய்யாதுரை இதில் நியாயம் இருப்பதாகச் சொன்னார். கடல்குதிரை என்று ஒன்று இருக்கிறது, அது குதிரையில் எந்த வகை என்று சுந்தரவல்லி அம்மாள் கேட்டார். வண்ணத்துப்பூச்சியைப் பட்டாம்பூச்சி என்கிறோம், பட்டு எங்கே இருக்கிறது என்று அய்யாதுரை கேட்டார். பேச்சு கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே போயிற்று. நல்லசிவம் தொண்டையைச் செருமி எல்லாரையும் திருப்பினார்.

நோட்டீசில் புலி எப்படி வந்தது என்று மரியதாஸ் பணிவாகக் கேட்டான். நல்லசிவம் மறைக்கவில்லை.

“சிங்கம்னு எழுதுனா கை தானா அடுத்தது புலின்னு எழுதிரும்லா. காய்னா கறி, சட்டின்னா பானை. சிங்கத்தை மட்டும் ஒத்தையில எப்படிவே விடுதது?”

அதுவரை காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த ஜானு டம்ளரைக் கீழே வைத்தாள். “ஏன்னா, காட்டுக் கொட்டகையில நீங்க காய்ச்சலா படுத்துண்டு பெனாத்தினேளே, ரெண்டு நாளும் கஞ்சி வெச்சு, காலைப் பிடிச்சுவிட்டு, தூங்காம ஒக்காந்திருந்தது யாரு? நம்ம ஆத்துப் பிள்ளைகூட அப்படிப் பண்ண மாட்டான்.”

ஸ்ரீரங்கன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

“கஞ்சி வேற, புலி வேற” என்றார்.

எல்லாருடைய அபிப்பிராயமும் வந்துவிட்டது என்றும், ஒவ்வொன்றும் தனக்கு முக்கியம் என்றும் சொல்லி நல்லசிவம் கைகூப்பினார். சுந்தரவல்லி அம்மாள் படியிறங்கும்போது மரியதாசின் தலையைத் தொட்டு, பெண்டாட்டியை நன்றாகப் பார்த்துக்கொள் என்றார். ஸ்ரீரங்கன் இறங்கவில்லை. மூட்டைகளுக்கு நடுவே இருந்த முதலாளியின் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மரியதாஸ் நாற்காலிகளை மடக்கி அடுக்கி முடித்ததும் நல்லசிவம் அவனைச் சன்னலோரம் கூப்பிட்டார். அவர் குரல் மிகவும் பிரியமாக இருந்தது. நிரந்தரம் இப்போதைக்கு இல்லை. ஆப்பிரிக்காவுக்கும் வேண்டாம். காசிக்கும் வேண்டாம்.

“காசில புலி எங்க கீது மொதலாளி?”

“புலி இல்லவே. ஆனா காசிக்கு ஸ்ரீரங்கன் சாமியோட சம்பந்தி வாராரு. அடுத்த ஆப்பிரிக்காவுக்குக் கிளப்புலேருந்து ஒரு வேன் ஆளு கூட்டிட்டு வாரேன்னு சாமி சொல்லுதாரு. நான் என்ன செய்ய? நீரு கெட்டிக்காரரு. எங்க போனாலும் பொழைச்சுக்கிடுவீரு.”

நான் பிழைப்பதைப் பற்றிக் கேள்வியே இல்லை என்றான் மரியதாஸ். ஐப்பசி வரை பொறுக்க முடியுமா என்று ஒருமுறைதான் கேட்டான். நல்லசிவம் கீழே ரோட்டைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் மிஞ்சியிருந்த போண்டாக்களைக் காட்டி, நோராவுக்குக் கட்டிக்கொண்டு போகச் சொன்னார். கடையில் ஒரு ரவிக்கைத் துணியும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு மேல் ஆட்சேபிக்க எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

மரியதாஸ் போண்டாவை மட்டும் கட்டிக்கொண்டு இறங்கினான். ரவிக்கைத் துணிக்கு நிற்கவில்லை.

கடை வாசலில் கும்பல் கூடியிருந்தது. மூன்று சக்கர வண்டியில் புதிதாக ஒரு போர்டு வந்து இறங்கி, நடைபாதைக்கு மேலே மாட்டியாகிவிட்டது. மூங்கில் ஏணியில் நின்று பெயிண்டர் வெள்ளைச்சாமி படம் வரைந்துகொண்டிருந்தான். சிங்கம் முடிந்திருந்தது. அதன் பக்கத்தில், தென்னை மரத்தடியில், ஒரு பெரிய மஞ்சள் உடம்பு கோடுகளுக்காகக் காத்திருந்தது. நடைபாதைப் பள்ளத்தில் ஏணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“நைனா, அந்த ஏணிய கொஞ்சம் புடி. ஆடிக்கினே கீது” என்றான் வெள்ளைச்சாமி.

மரியதாஸ் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தான். படத்துக்குக் கீழே, கைக்கு எட்டும் உயரத்தில், சிவப்பு எழுத்துகள் இருந்தன. ‘அடுத்த ஆப்பிரிக்க யாத்திரை. வழிகாட்டி: திரு. ஸ்ரீரங்கன். ஆப்பிரிக்கப் புலிகளை நேரில் கண்டவர்.’ அவன் ஒரு விரலை நீட்டி ஸ்ரீரங்கனின் ‘ஸ்ரீ’யைத் தொட்டான். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

“எழுத்து எப்ப எழுதின?”

“போன வாரமே, சைதாப்பேட்டையில. மொதலாளி சொல்லி அனுப்பிச்சாரு. பொம்மை மட்டும் இங்க வந்து போட்டுக்கலாம்னு வுட்டேன்.” வெள்ளைச்சாமி கறுப்புச் சாயத்தில் பிரஷைத் தோய்த்தான். “நான் புலியப் பாத்ததில்ல நைனா. கோடு எத்தினி போடறது?”

“நெறையப் போடு. நெருக்கமா போடு” என்றான் மரியதாஸ்.

பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிப் புலியைக் காட்டினாள். முதல் கோடு விழுந்தது. சாயம் வழிந்து, இஸ்திரி கலையாத அவன் தோளில் கறுப்பாகச் சொட்டியது. கையை எடுத்தால் ஏணி சரியும். அவன் பிடித்துக்கொண்டே நின்றான்.